படிவத்தில் நான்காவது கட்டம்

வெள்ளம் வடிந்த பதினோராம் நாள்
பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையில்
மேசை போட்டு உட்கார்ந்தேன்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி,
இருநூறு படிவங்கள்.
முதல் கட்டம் பெயர்.
அடுத்தது இழந்த பொருள்.
அதற்கடுத்தது காரணம்.
நான்காவதின் தலையில் அச்சிட்டிருந்தது
ஒரே அசை: ஆர்.

எங்கள் ஹங்கேரிய மொழியில் ஆர் என்றால் விலை.
புடாபெஸ்டில் படிவம் தயாரித்தவருக்கு
அது மட்டும்தான் தோன்றியிருக்கும்.
நான்காம் மாடியில் குடியிருப்பவர் போல.
திஸா நதிக்கரையில்
ஆர் என்றால் முதலில் வெள்ளம்,
பிறகுதான் மற்றதெல்லாம்.
ஜூனில், வில்லோ மரங்கள் தழைத்தபின் வருவது
பச்சை ஆர்.
பச்சை விலை என்று அதை யாரும் படித்ததில்லை
இந்த ஆண்டு வரை.

தேனீ வளர்க்கும் ஓர்ஷோயா எழுதினாள்:
பெட்டிகள் முப்பத்தாறு.
ஆர்: இரண்டு மீட்டர், பத்து சென்டிமீட்டர்.
"கேட்டது விலை" என்றேன்.
"அதைத்தான் எழுதியிருக்கிறேன்.
சுவரில் கோடு இருக்கிறது, வந்து அளந்துகொள்."

வெங்காயக்காரர் பெர்த்தாலான் எழுதியது
வெறும் பன்னிரண்டு.
பன்னிரண்டு ஆயிரமா, லட்சமா?
இரண்டுமில்லை.
நூறு சதுர மீட்டர் நிலமும் எங்களுக்கு ஓர் ஆர்.
"சரி, பன்னிரண்டு ஆருக்கு ஆர் என்ன?"
அவர் தொப்பியைக் கழற்றிக் கேட்டார்:
"ஆர் வருமுன் இருந்த ஆரா,
ஆர் போனபின் மிஞ்சிய ஆரா?"
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

செருப்புத் தைக்கும் வெந்தெல் கடைசியாக வந்தார்.
பெரிய கையெழுத்து.
இழந்த பொருள்: ஆர்.
காரணம்: ஆர்.
ஆர்:
அங்கே பேனா அழுத்திய ஒரு புள்ளி மட்டும்.

மேலதிகாரி அலாதார்
கேலி என்று சிவப்பு மையால் அடித்தார்.
அவர் பெயரின் வாலிலேயே ஓர் ஆர் தொங்குகிறது,
கவனித்ததில்லை.
தோலைக் குத்தும் ஊசிக்கும் அதே பெயர் என்று
நான் அகராதியைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது.

"செகெட் நகரக் கடையில் புதிது
இரண்டாயிரத்து நூறு ஃபோரிண்ட்" என்றேன்.
"அது மலிவு" என்றார் வெந்தெல்.
"என்னுடையது திராகா."
திராகா என்றால் விலை அதிகம்.
முற்றத்தின் அந்தப் பக்கம் நிற்கும் கிஸெல்லாவை
அவர் கூப்பிடுவதும் அப்படித்தான்,
அவள் இருந்தவரை.
எந்தப் பொருளில் சொன்னார் என்று
நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்:
"பிடியில் ஒரு பள்ளம் இருந்தது.
என் கட்டைவிரல் அளவு இல்லை அது."

எண் இல்லாமல் முத்திரை விழாது.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது என்று எழுதினேன்.
ஏன் அந்த நாற்பது?
பள்ளத்துக்கு, என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது.
குழப்பம் தவிர்க்க, ஆர் என்ற சொல்லை நீக்கி
மதிப்பு, பெறுமானம், கிரயம், தொகை, ஈடு
இவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தவும்.
ஆளில்லாத கூடத்தில்
ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
ஒன்றிலும் ஈரமில்லை.
ஒன்றும் குத்தவில்லை.

ஆகஸ்டில் வெந்தெல் வந்தார்.
புதிய ஊசியைக் காட்டினார், மழமழவென்ற பிடி.
ரசீதை விரித்து வைத்து, அதன்மேல்
இரண்டு இருபது ஃபோரிண்ட் நாணயங்களை வைத்தார்.
"ஆர் இவ்வளவுதான். இது மிச்சம்."
வாங்க மாட்டேன் என்றேன். போய்விட்டார்.

மைப்பெட்டிக்குள் கிடக்கின்றன, இன்னும்.
திருப்பி அனுப்பவும் ஒரு படிவம் உண்டு.
அதில் காரணம் கேட்கிறார்கள்.