ஒன்பதும் ஒன்றும்

பிப்ரவரி. பகல் என்று சொல்லிக்கொள்ள
மத்தியானத்தில் கொஞ்சம் சாம்பல்.
போலுங்கார்விக் துறையிலிருந்து பதினேழு கடல்மைலில்
வின்ச் உருளைக்கும் இரும்புவடத்துக்கும் நடுவே
ஓட்டாரின் இடது கை சிக்கியது.

மோதிர விரல், அடியோடு.
சுண்டுவிரலில் பாதி நகம்.

கையுறைக்குள் ஏதோ வெதுவெதுப்பாக இருந்ததாம்.
அவ்வளவுதான்.
வலைக்குள் நாலு டன் காட் மீன்,
கடல் எழும்பிக்கொண்டிருந்தது.
வடம் வலித்தான். கை வலிக்கவில்லை.
நாற்பது நிமிடம்.
மீனைக் கொட்டி, தளத்தைக் கழுவி,
சிவப்பு ஏன் இன்னும் போகவில்லை என்று
பொடியன் ஸ்டுர்லாவைத் திட்டியும் இருக்கிறான்.
ஸ்டுர்லாதான் அந்தக் கையைப் பார்த்து வாந்தியெடுத்தவன்.

துறையில் கார் விளக்கை அணைக்காமல் நின்றேன்.
நடந்துதான் வந்தான்.
என் முகத்தைப் பார்த்தான்.
அப்போது வந்தது:
முழங்கால் மடிந்து, ஐஸ் படிந்த பலகைமேல்
நாற்பது நிமிடத்தையும் ஒரே மூச்சில் கத்தினான்.

ஈசாஃபியோர்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்வாவா
சாண்ட்விச் சுற்றிய காகிதத்தில் படம் போட்டாள்.
விரலிலிருந்து இரண்டு தூதர் கிளம்புவார்களாம்.
ஒருவன் உறை போட்ட கம்பியில் பாய்கிறவன்: சுரீர்.
இன்னொருவன் வெறும் நூலில் கால்நடையாக வருகிறவன்,
பிந்தி வந்தாலும் எழுந்து போகாதவன்: விண், விண்.
அன்றைக்கும் இருவரும் கிளம்பினார்கள்.
முதுகுத்தண்டின் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.
மேலேயிருந்து உத்தரவு:
வலையை ஏற்று, கரை சேர், அப்புறம் கேட்கிறேன்.
மூளை தன் சொந்த அபினைக் காய்ச்சித்
தூதர்களுக்கு ஊற்றிக்கொடுத்ததாம்.

"முழங்கை இடித்தால் தேய்க்கிறீர்களே, ஏன்?
தொடுகை கனத்த நரம்பில் முந்திப் போய்
வாசலை அடைத்துக்கொள்ளும்."

"அப்படியானால் அன்று யார் திறந்தது?" என்றேன்.
பேனாவை மூடினாள்.
"பத்திரம் என்று மூளைக்குத் தெரிந்தால் போதும்."

பதினோரு வருஷம். அந்த வார்த்தையை
எந்த அலமாரியில் வைப்பதென்று இன்னும் தெரியவில்லை.
இவளைக் கண்டாயிற்று, இனி வலிக்கலாம் என்று
ஒருவனின் முதுகெலும்பு முடிவு செய்திருக்கிறது.
இது பாராட்டா, புகாரா?

இல்லாத விரல் இப்போதும் நோகிறது.
காற்று வடக்கே திரும்பினால்
மோதிரம் இறுக்குகிறது என்கிறான்.
மோதிரம் இருநூறு மீட்டர் ஆழத்தில்.
தொழிற்சாலை வெட்டுமேசையில்
ஒவ்வொரு மீனின் குடலையும் ஒருதரம் நெருடிப்பார்க்கிறேன்,
சூப்பர்வைசர் திரும்பியிருக்கும் நேரம்.

சவரம் செய்யும்போது
இடது கன்னத்தில் கத்தி இறங்க, விரல் சிலிர்க்கிறதாம்.
மூளையின் வரைபடத்தில் கையும் முகமும் அண்டை வீடு.
மனை காலியானதும் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.
அந்தக் கன்னத்தில் முத்தமிடும்போது
எதைத் தொடுகிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

மோசமான இரவுகளில்
மேசை நடுவே கண்ணாடியை நிறுத்துவோம்.
வலது கை உள்ளே போய் இடது கையாகும்.
முழுசாக ஐந்து விரல்.
என் மோதிரம் அவனுக்கு நுழையாது;
குழாய் வாஷர் ஒன்றை மாட்டிவிட்டு
மெல்லத் திருகி மேலே இழுப்பேன்.
சில இரவு மூளை நம்புகிறது.
சில இரவு இருவரும் வாஷரைப் பார்த்துச் சிரித்துவிட்டு
மாத்திரை டப்பாவைத் தேடுகிறோம்.

நேற்று வடக்குக் காற்று.
வாஷர் நகம்வரை வந்துவிட்டது.
கண்ணாடியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்:
முழுக்கக் கழற்றாதே.
கொஞ்சம் தளர்த்து, போதும்.