கல் புதுப்பிக்கப்பட்டது

கேத்திச் சரிவில், ஐப்பசி அடைமழையின் நான்காம் நாள்,
கல்லறைத் தோட்டமும் கபர்ஸ்தானும்
நடுச்சுவரோடு சேர்ந்து இறங்கி
ஹாலனின் கேரட் பாத்திகளில் வந்து படுத்துக்கொண்டன.

எல்லை காட்ட என்னை அனுப்பினார்கள்.
சங்கிலி, கொடிக்கம்பு,
மடிப்பில் கிழிந்த புலப்படம்.
படத்தில் கோடு நேராகத்தான் இருந்தது.

கோயில்பிள்ளை சவரியப்பன் யூரியா சாக்கோடு நின்றார்.
மைதீன் பிச்சை வெள்ளைத் துணியோடு.
ஒரே தீக்குச்சியில் இரண்டு பீடி பற்றவைக்க
காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஆளுங்க கிழக்கே கால் நீட்டிப் படுத்திருப்பாங்க."
"எங்க ஆளுங்க வலப்பக்கமா ஒருக்களிச்சு, முகம் மேற்கே."
மண் புரண்டதில்
திசை என்று யாருக்கும் ஏதும் மிச்சமில்லை.
முதலில் கண்ணில் பட்ட தொடையெலும்பு
சேற்றில் குத்திட்டு நின்று
வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

யாருடையது?

முதுகுத்தண்டின் அடியில் கடுகளவு எலும்பு ஒன்று உண்டு,
அதை மட்டும் மண் தின்னாது,
கடைசி மழையில் அதிலிருந்துதான் மனுஷன் முளைப்பான்
என்றார் மைதீன் பிச்சை.
இந்தச் சேற்றில் கடுகை யார் தேடுவது.
சவரியப்பன் பாத்தியைக் காட்டினார்:
"கேரட் விதை சீரகம் மாதிரி இருக்கும்.
முளைச்சு வர்றது சீரகமா?
எழும்புற உடம்பு வேற தினுசு பாய்."
"வேற உடம்புன்னா எழும்புறதும் வேற ஆள்தானே?"
"அதே உடம்புன்னா அதே மூட்டுவலியோடயா?"

எனக்கு என் உத்தியோகம் நினைவுக்கு வந்தது.
எல்லைக்கல் தொலைந்தால்
அதே அளவில், அதே இடத்தில், வேறு கல்லை நட்டு
பதிவேட்டில் எழுதுவோம்: கல் புதுப்பிக்கப்பட்டது.
கோர்ட்டிலும் அது பழைய கல்லாகவே நிற்கும்.
பழைய கல் என்றைக்காவது ஓடையில் அகப்பட்டால்?
அப்போது எது கல்?
இருபத்திரண்டு வருஷ சர்வீஸில்
ஒருவரும் கேட்டதில்லை,
நானும் கேட்டுக்கொண்டதில்லை.

சொன்னேன். பீடி இரண்டும் அணைந்திருந்தன.
"படைச்சவனுக்கு எது அசல்னு தெரியும்" என்றார் மைதீன் பிச்சை.
"அவருக்குத் தெரியுறதாலதான்
அது அசலாகுதோ என்னவோ" என்றார் சவரியப்பன்,
சொன்னது தனக்கே பிடிபடாதவர்போல.

வரப்போரம் குந்தியிருந்த ஹாலன் குறுக்கே பேசினார்.
"நாப்பது வருஷமா மேலேருந்து ஊறி வர்ற தண்ணியிலதான்
இந்தக் கேரட் விளையுது, சர்வேயரம்மா.
ரெண்டு பேர் வீட்டுக்கும் வருஷாவருஷம் ஒரு மூட்டை குடுத்திருக்கேன்."

மைதீன் பிச்சைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.
"மஹ்ஷர் வெளியில எவனாவது வந்து
என் விலா எலும்பைக் குடுன்னு நின்னா
எதைப் பிரிச்சுக் குடுக்க!"
சவரியப்பன் தன் புறங்கையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

என் இடக்கைச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு தழும்பு,
ஆறாவது விரல் இருந்த இடம்.
மூன்று வயதில், குன்னூர் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.
குளிருக்கு இன்றும் அரிக்கும்.
யாருடைய மண்ணில் போட்டார்களோ, அடுப்பிலோ.
கையுறையைக் கழற்றிக் காட்டினேன்.
எழுப்பும்போது நான் எத்தனை விரலோடு?
இருவரும் குனிந்து பார்த்தார்கள்,
அங்கே பொடியெழுத்தில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

பிறகு மூடுபனி ஏறியது.
தண்டவாளத்தில் மண் விழுந்து ரயிலும் ஓடாத நாள்;
பள்ளத்தாக்கு முழுக்க ஓடை மட்டும் பேசியது.
எலும்பை எல்லைமேலேயே வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று.
கோடு எது என்று என்னைக் கேட்டார்கள்.

கொடிக்கம்பு தெரியாமல் கோடு பிடிக்க முடியாது.
ஆனாலும் கையை நீட்டினேன்,
அந்தப் பக்கமாக, குத்துமதிப்பாக.

ஹாலன் மண்வெட்டி கொடுத்தார்.
சாக்கு வேண்டாம் என்று துணியில் சுற்றினார்கள்.
ஒருவர் கையேந்தினார், ஒருவர் கைகூப்பினார்,
நான் கையுறையைத் தேடினேன்.

அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்:
கற்கள் காணப்படவில்லை.
மழை நின்றபின் மறு அளவை தேவை.