பராமரிப்பு மின்தடை

மாட்டுத்தாவணியில் விடிகாலை மூன்றே முக்காலுக்கு
முதலில் பை இறங்கும், பிறகு பூம் கம்பு,
அதற்கும் பிறகுதான் பேச்சி.
கட்ச் பாலையில் உப்பு வாருகிறவர்களின் குரலை
இருபத்தெட்டு நாள் பதிந்து வந்தவள்
டீக்கடையில் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி:
"கேஸ் புக் பண்ணிட்டியா?"

நான் படங்களுக்கு அடியில் வரி எழுதுகிறவன்.
ஒரு வரிக்கு நாற்பது எழுத்து,
அதற்கு மேல் யாருடைய துக்கத்துக்கும் இடமில்லை.
கொரியாவில் ஒருத்தி அழுதால்
விளாங்குடி மாடியில் உட்கார்ந்து அதைத் தமிழாக்கி
நிமிடக் கணக்கில் விற்கிறேன்.
தொண்ணூறு நாளில் பணம் வரும் என்பார்கள்.
தொண்ணூறாவது நாள்
எப்போதும் ஞாயிற்றுக்கிழமை.

கடன் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில்
பேச்சி 'ஒலி' என்று எழுதினாள்.
மேலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"ஒலியா, ஒளியா?" என்றார்.
இரண்டுக்குமே கடன் இல்லை.

வீட்டுக்காரர் ஜெகந்நாதன் நல்ல மனுஷன்.
ஐந்தாம் தேதி மட்டும் மாடியேறி வந்து
எங்கள் கலை எப்படிப் போகிறது என்று விசாரிப்பார்.

அவள் இருக்கிற நாள், இல்லாத நாள் எல்லாம்
பால் நோட்டில் இருக்கிறது.
அரை லிட்டர் என்றால் நான்.
ஒரு லிட்டர் என்றால் நாங்கள்.
ஆவணி முழுக்க அரை லிட்டர்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சண்டை.
அடுத்த நாற்பது நாளுக்கு
என்னிடம் சொல்லாமலே ஒத்துக்கொண்டிருந்தாள்.
"கேட்டா, போகாதேன்னா சொல்லப் போற?"
"சொல்ல மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்."
அங்கிருந்து அது வாடகைக்குப் போனது,
என் அக்கா கல்யாணத்துக்கு அவள் வராததற்குப் போனது,
ஒன்பது வருஷத்தையும் ஒரு சுற்று சுற்றி
மறுபடி சமையலறைக்கு வந்தபோது
மணி ஒன்பது.
மாதாந்திரப் பராமரிப்பு. கரண்ட் போனது.

மின்விசிறி தளர்ந்து நின்றது.
பிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது.
அடுத்த தெரு வெல்டிங் பட்டறையும்
கீழ்வீட்டு கிரைண்டரும்
ஒரே நேரத்தில் வாயை மூடின.
நான் மட்டும் பாதி வாக்கியத்தில் இருந்தேன்.
பேச்சி கையை உயர்த்தினாள்.
"ஒரு நிமிஷம். பேசாத."

பேசவில்லை.
அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மேசையருகே நின்றாள்.
நான் நாற்காலியில் இருந்தபடி
கூடல் நகர்ப் பக்கம் போன சரக்கு ரயிலின்
பெட்டிகளை எண்ணினேன்.
இவ்வளவுதான் போலிருக்கிறது, என்று நினைத்தேன்.
வெள்ளிக்கிழமை அவள் கிளம்பிப் போனாள்.

ஐப்பசி அடைமழையில்
டிஸ்க்கில் இடம் போதாமல்
அவளுடைய பழைய கோப்புகளைப் புரட்டினேன்.
எந்த ஊரிலும் மூட்டை கட்டுமுன்
வெறும் இடத்தை ஒரு நிமிஷம் பதிந்துகொள்வாள்.
வெட்டிய இடம் காதுக்குத் தெரியாமல் ஒட்ட
அது வேண்டுமாம்.
உப்பளம், காற்று இல்லை.
பள்ளிக்கூடம், விடுமுறை.
அதற்குக் கீழே, அந்தச் செவ்வாய்க்கிழமை தேதியில்:
வீடு, கரண்ட் இல்லை, அவன் இருக்கிறான்.

ஒரு நிமிஷம் நான்கு நொடி.
ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கேட்டேன்.
ரயில். குழாய்ச் சொட்டு.
நாற்காலி ஒருமுறை முனகியது.
பிறகு மூச்சு, என்னுடையது.
வார்த்தையில்லாத என் கோபத்தை
அதுவரை நான் கேட்டதேயில்லை.
வெயிலில் வெகுதூரம் நடந்தவன்
எங்கோ உட்கார்ந்தது போல இருந்தது.
கடைசி நொடிகளில்
மைக்குக்கு மிக அருகில் இன்னொரு மூச்சு.

அதற்கு ஒரு வரி எழுதிப் பார்த்தேன்.
நாற்பது எழுத்துக்குள் அடங்கியது.
அதனாலேயே அழித்தேன்.

நேற்று போன் போட்டாள்.
ஒரு கோடு சிக்னலில் குரல் துண்டு துண்டாக வந்தது.
கோப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.
கேஸ் வந்துவிட்டது என்றேன்.
வியாழக்கிழமை இறங்குகிறாளாம்.

வியாழன் முதல் ஒரு லிட்டர் என்று
சோனைமுத்துவிடம் சொல்லியாயிற்று.
காதில் செருகிய பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டே
"எத்தனை நாளைக்கு?" என்றார்.
இன்னும் கேட்கவில்லை என்றேன்.