பன்னிரண்டு விழுக்காடு

சுங்கை காடுட்டில், தூள் படிந்த ஆறாம் கொட்டகையில்
சூளைக்கு நான்தான் காவல்.
ஈரமானியின் இரண்டு ஊசிகளைப் பலகைக்குள் குத்தி
வரும் எண்ணை ஏட்டில் எழுதுகிறேன்.
முப்பத்தெட்டு. முப்பத்தேழரை.
மறுநாளும் அதே முப்பத்தேழரை.
மரம் அவசரப்படுவதில்லை.
திரு. கோ அவசரப்படுகிறார்.

லாரி திரும்பும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும்.
காப்பூர் என்றால்
யாரோ கற்பூரம் காட்டிவிட்டு இப்போதுதான் போனதுபோல.
கெருயிங் பிசின் வடித்து ரம்பப் பல்லையெல்லாம் அடைக்கும்;
ரஃபீக்குல் மண்ணெண்ணெய்த் துணியாலும் வசவாலும் துடைப்பார்.
மெராந்தி சாது. இழைப்புக்கு இணங்கிச்
சுருள் சுருளாகக் காலடியில் விழும்.
தண்ணீரில் போட்டால் மூழ்கும் செங்காலை
ஏட்டில் எழுதும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும்,
நாரைக்கும் எனக்கும் மட்டும் புரிகிற வேடிக்கை.

இது அப்படிக் கடல் தாண்டியோ பாலம் தாண்டியோ வரவில்லை.
ஈசூனில் சாலையை அகலமாக்க வெட்டியது.
தூங்குமூஞ்சி மரம்.
பெயருக்குப் பொருள் சொன்னேன், ஜுனைடி
ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார்.
அவர் மொழியில் அதற்கு 'அஞ்சு மணி' என்று பெயராம்,
அஞ்சு அடித்தால் இலையை மூடிக்கொள்கிறதே.
எந்த மொழியில் கூப்பிட்டாலும்
வேலை முடிகிற நேரம் பார்க்கிற மரம்.

அறுப்பதற்கு முன் இரும்பு தேடும் கருவியை ஓட்டினோம்.
பதினேழு இடத்தில் கத்தியது.
வாடகை அறை விளம்பரம் தொங்கிய ஆணிகள்,
எவரோ கொடி கட்டிய கொக்கி ஒன்று,
ஒவ்வொன்றைச் சுற்றியும் மரம்
கருநீல மை பூசி வைத்திருந்தது.
பதினெட்டாவதைக் கருவி சொல்லவில்லை,
ரம்பம் சொன்னது.
ஒரு பல் தெறித்துத் தகரத்தில் மோதியது.
அதன் விலையைத் திரு. கோ நாள் முழுக்கச் சொன்னார்.

பிறகு எல்லாம் முறைப்படிதான்.
வெளிறைச் சீவி, வைரத்தை நிறுத்தி,
முனைகளில் மெழுகு தடவி,
பலகைக்குப் பலகை குச்சி வைத்துக் காற்றுக்கு வழி விட்டு,
சூளைக் கதவைச் சாத்தினேன்.
சூட்டை மெல்லத்தான் ஏற்ற வேண்டும்.
அவசரம் காட்டினால் மேல்தோல் இறுகிவிடும்,
உள்ளே ஈரம் அப்படியே மாட்டிக்கொள்ளும்.
போன மாதம் ஓர் அடுக்கு அப்படித்தான் போனது.
காய்ந்ததற்கே மறுபடி ஆவி கொடுத்து
முதலில் அதைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

நாற்பத்திரண்டாம் நாள்: பன்னிரண்டு.
குளிரூட்டிய அறையில் சாப்பாட்டு மேசையாகப் போகிறது,
பொங்கோலில் ஒரு புதுவீட்டுக்கு.
பதினொரு பலகை நேர்.
ஏழாவது மட்டும் முறுக்கிக்கொண்டு எழுந்திருந்தது.

நான் அந்த மரம் நின்ற இடத்தைப் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன்.
முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு மாடி,
வெயிலெல்லாம் சாலைப் பக்கம்.
நாற்பது வருடம் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்திருக்கிறது.
கிடத்தி, கீறி, காயவைத்த பிறகும்
எட்டித்தான் பார்க்கிறது.

'துண்டு போட்டு வெட்டுப்பலகை ஆக்கு, பூர்ணிமா.'
சரி என்றேன். செய்யவில்லை.
இரண்டு செங்கல் அடுக்கில் ஏற்றிச்
சூளைக்கு வெளியே போட்டேன்.
இப்போது மதியத்தில் அதில்தான் உட்காருகிறோம்.
இடக்கோடி உயரம், அங்கே ரஃபீக்குல்;
அவர் எழுந்தால்
என் சோற்றுப் பெட்டி நழுவும்.
அதனால் எழுவதற்கு முன்
'அக்கா, பிடிச்சுக்குங்க' என்பார்,
பக்கத்துக் கடையில் கற்ற தமிழில்.

நேற்றுத் திரு. கோவும் வந்து உட்கார்ந்தார்.
காப்பிப் பையை விரலில் மாட்டியபடி
கொஞ்சம் நகர்ந்தார், இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்,
சரியான இடம் கிடைத்ததும்
ஒன்றும் சொல்லவில்லை.

ஊசியைக் குத்திப் பார்த்தேன்.
வெளிக்காற்றில் பதினைந்தரை.
மழை வரும்போல.