சலவை அறையை மேலே கொண்டுவருதல்

பீல் நகரில், நான்காவது கூட்டம்.
வரைபடத்தில் ‘பராமரிப்பு அறை’ என்று எழுதியிருந்தேன்.
எண்பத்திரண்டு வயது ஏஷ்பாகர்
என் பென்சிலை வாங்கி அதை வெட்டினார்.
“என்னைப் பராமரிக்கவென்று ஓர் அறையா?
அங்கே கால் வைக்க மாட்டேன்.”

இரவு வேலை முடித்து வந்த ஜெசிந்தா
மடியில் பிள்ளையோடு கொட்டாவி விட்டாள்.
“நிலவறைக்கு உடுப்புத் தோய்க்கப் போனால்
இவனை யாரிடம் விடுவது?”

அழித்தேன்.
சலவை இயந்திரங்கள் மூன்றையும்
தரைத்தளத்துக்கு, ஜன்னலோரமாக, ஏற்றினேன்.
பக்கத்தில் ஒரு நீள மேசை, எட்டுக் கதிரை.
அறைக்குப் பெயர் வைக்கவில்லை.

ஏஷ்பாகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“செவ்வாய்க்கிழமை என் முறை.
சுற்றி முடிய ஒன்றரை மணி நேரம்.
சும்மாதானே இருப்பேன்.”

ஜெசிந்தாவின் மகன்
இன்னும் கட்டாத படிக்கட்டின் மேல்
வாணி வடித்தான்.