வாட்டம்

குளியலறைத் தரையை மட்டமாகப் போடக்கூடாது.
தண்ணீர் போகும் வாயைப் பார்த்து
அடிக்குக் கால் அங்குலம் இறக்கவேண்டும்.
அதற்கு வாட்டம் என்று பெயர்.
செம்பூரில், முலுண்டில், காட்கோபரின் முப்பதாவது மாடியில்
பத்தொன்பது வருடம்
அடுத்தவர் வீட்டுத் தண்ணீருக்கு வழி சொன்னவன் நான்.

போன மாசியில் பரேல் ஆஸ்பத்திரியில்
என் உணவுக்குழாயை எடுத்துவிட்டு
இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தார்கள்.
இனி மட்டமாகப் படுக்கக்கூடாது என்றாள்
சீட்டு எழுதிக்கொடுத்த சின்ன டாக்டர்.
முப்பது டிகிரி. ஆயுசுக்கும்.
இல்லாவிட்டால் தின்றது திரும்பிவரும்,
நுரையீரலுக்குள் இறங்கும்.
புரியாதோ என்று
உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினாள்.
எனக்கா புரியாது.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது,
சுற்றினால் நெஞ்சு எழும்பும்.
சயான் கோலிவாடாவில் எங்கள் அறைக்குக்
கட்டிலே கிடையாது.

முதல் ராத்திரி தலையணைகள்.
எங்களுடையது இரண்டு, பக்கத்து அறை மங்களாபாயுடையது இரண்டு.
தலை மட்டும் மேலே போய்
இடுப்பு தரையிலேயே கிடக்க,
நடுவில் வயிறு மடிந்துகொண்டது.
விடியுமுன்னே தொண்டையில் புளிப்பு.

கணபதி மண்டல் நாற்காலியைத்
தங்கபுஷ்பம்தான் தூக்கிவந்தாள்.
முன்பக்கமாகக் கவிழ்த்தாள்.
அதன் முதுகு சரிவாகி என் முதுகை வாங்கிக்கொள்ள,
நாலு காலும் சுவரைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன.
மேலே மெத்தையைப் போடுமுன்
மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன்.
நாற்பதுக்குக் கொஞ்சம் கம்மி. தாங்கும்.
ஆவணி வரை தாங்கியது.
பிறகு பையன்கள் வந்து நின்றார்கள்,
நாற்காலியின் பின்னால் எழுதியிருந்த
பெயரைக் காட்டாமல், என் முகத்தைப் பார்க்காமல்.

நாங்குநேரியில் மச்சினன் மகளுக்குக் கல்யாணம்.
ரயிலுக்கென்று தாதர் மருந்துக்கடையில்
ஆப்பு வடிவத்தில் ஒரு காற்றுப் பை.
ஆயிரத்து அறுநூற்றைம்பது வாங்கும்போதே
அவன் வைத்துவிட்டான்.
ஊத எனக்கு மூச்சில்லை, அவள் ஊதினாள்.
புனே தாண்டியதும் பெருமூச்சு விட ஆரம்பித்தது.
சோலாப்பூரில் அது வெறும் நீலத் துணி.
சன்னலோரம் அவள் சாய்ந்து உட்கார்ந்து
மடியில் பெட்டியை வைத்து,
பெட்டியின் மேல் போர்வையை வைத்து,
அதன் மேல் என்னை வைத்துக்கொண்டாள்.
குண்டக்கல்லில் விடிந்தபோது
அவளுக்குக் காலை நீட்ட முடியவில்லை.
"ராக்கூலி எழுதிக்கிடும்" என்றாள்.

திரும்பிவந்து நானே செய்தேன்.
வேலை நடந்த வீட்டில் மிஞ்சிய பிளைவுட் இரண்டு துண்டு,
மூன்று கீல்,
சரிவு விரியாமல் பிடிக்க ஒரு தூக்கு நூல்.
மடித்தால் கக்கத்தில் அடங்கும்.
பழைய கருவிப் பெட்டியின் கைப்பிடியைப் பிடுங்கி
அதில் அடித்துவிட்டேன்.
ஆபீஸ் போகிறவன் மாதிரி இருக்கிறீர் என்கிறாள்.
உறக்கத்தில் வழுக்கி இறங்குவது மட்டும் நிற்கவில்லை.
பத்துக்குப் பத்து அறை,
கால் எதிர்ச்சுவரில் முட்டி நின்றுவிடுகிறது.
இத்தனை வாடகைக்கு
அதுவாவது செய்யட்டும்.

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு
மோனோ ரயில் போன பிறகும் தூக்கமில்லை.
இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்திருக்கிறேன்,
இரண்டு பேரும் ஒரே மட்டத்தில்,
மேலே தகரத்தைப் பார்த்துக்கொண்டு.
இப்போது சரிவிலிருந்து
அவள் முகம் கீழே தெரிகிறது.
வாய் லேசாகத் திறந்து.
கன்னத்தில் ஓர் இறக்கம்.
கண்ணுக்கடியில் இன்னொன்று,
அது எப்போது விழுந்ததென்று தெரியவில்லை.

"என்ன, மட்டம் பாத்துக்கிட்டுக் கெடக்கீரா?"
கண்ணைத் திறக்கவில்லை.
மொகம் வாட்டமா இருக்கு என்றேன்.

"நீரு போட்டதுதான்" என்று
அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.