இருபத்தேழு அங்குலம்

சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.
இரண்டு தடவை பெயின்ட் அடித்தும்
பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது
கறுப்பாக, லேசான எண்ணெய் மினுக்கத்தோடு.
டேப் வைத்து அளந்தேன்.
இருபத்தேழு அங்குலம்.

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அதை எழுதிக்
கைப்பையில் போட்டுக்கொண்டுதான்
அண்ணா நகருக்கு வண்டி பார்க்கப் போனேன்.

டீசல். ஏழு பேர் உட்காரலாம்.
நான்கு சக்கரமும் இழுக்கும்.
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ஓடியிருந்தது.
விற்கிறவர் பல் டாக்டர்.
"லடாக் வரைக்கும் போயிருக்கு மேடம்" என்றார்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டுவதே
எங்களுக்கு லடாக்தான் என்று
நான் சொல்லவில்லை.

யூஜின் ஹார்பரில் ரீஃபர் கன்டெய்னர் மெக்கானிக்.
ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு
வண்டிக்கடியில் போய் மல்லாந்து படுத்துவிட்டான்.
செல்போன் வெளிச்சத்தில் துருவைத் தேடினான்.
"உப்புக்காத்தே படாத வண்டி, ஜெசி."
வெளியே வந்த முகத்தில்
எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட இல்லாத
ஒரு சிரிப்பு.

நான் கேட்டது ஒன்றுதான்.
எவ்வளவு தண்ணீரில் போகும்?
டாக்டர் கண்ணாடி மாட்டிப் புத்தகத்தைப் புரட்டினார்.
ஐநூறு மில்லிமீட்டர்.
மனசுக்குள் வகுத்தேன்.
இருபது அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்.
"மீதி ஏழு அங்குலத்துக்கு என்ன வழி?"
அவர் சிரித்தார்.
அது வீட்டுக்குள் வந்த கணக்கு,
தெரு இன்னும் இரண்டு படி கீழே என்பதை
அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

சீட்டுப் பணம். என் நான்கு வளையல்.
மீதிக்கு மாதாமாதம் ஐந்தாம் தேதி
ஐந்து வருஷத்துக்கு.

வண்டி வந்த அன்று
ஆறு பைக்கும் இரண்டு டிரம்மும் நகர்ந்து வழிவிட்டன.
கண்ணாடிகளைக் காது மாதிரி மடித்துக்கொண்டு
அது தெருவுக்குள் நுழைந்தது.
ஃபாதர் தீர்த்தம் தெளித்தார்.
எதிர்வீட்டு சகுந்தலா, கேட்காமலே,
நான்கு டயருக்கும் எலுமிச்சை வைத்தாள்.
இரண்டும் இருக்கட்டும் என்றேன்.

கியருக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு லிவர்.
டூ ஹெச், ஃபோர் ஹெச், ஃபோர் எல்.
"கடைசி எதுக்குப்பா?"
"சேறு, மணல், செங்குத்து மலை."
ஜோவன் தினமும் சாயங்காலம்
நின்ற வண்டியில் ஏறி மலை ஓட்டினான்.
உண்மையில் அது மார்க்கெட் போனது,
ஸ்டான்லி ஆஸ்பத்திரி போனது,
ஒரு தடவை பழவேற்காடு போய்
இறால் வாங்கி வந்தது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை
ஆரஞ்சு அலர்ட் என்றார்கள்.
ஏழு மணிக்கு யூஜின் சாவியை எடுத்தான்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
தெருவில் கார் வைத்திருந்த எல்லோரும்
அங்கேதான் போனார்கள்,
மின்ட் மேம்பாலத்துக்கு.
தண்ணீரிலிருந்து எங்களைக் காப்பாற்ற வாங்கிய வண்டியைத்
தண்ணீரிலிருந்து காப்பாற்றிவிட்டு
பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு
முழங்கால் ஆழத்தில் நடந்து வந்தான்.
சாவி பால் கவரில், வாயில் கடித்தபடி.
"வண்டி?"
"ம்ம்" என்றான். பத்திரம் என்று அர்த்தம்.

பிரிட்ஜைப் பெஞ்சில் ஏற்றினோம்.
கரன்ட் போனது.
முதல் படி மறைந்தது. இரண்டாவது படி மறைந்தது.
"நாமளும் அங்கியே போயிடலாமில்ல?"
இருட்டில் ஜோவன் கேட்டான்,
ஏதோ பிக்னிக் மாதிரி.

நாங்கள் நான்கு பேர், சகுந்தலா,
அவள் இரண்டு பிள்ளைகள்.
ஏழு. கணக்கு சரியாக இருந்தது.
பாலத்தின் மேல் பின்சீட்டில் போர்வை,
மடியில் பிஸ்கட், கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு.
யூஜின் பத்து நிமிடம் எஞ்சினைப் போட்டான்.
டீசல் வீண் என்று நான் சொல்லவில்லை.
தூக்கத்தில் யாரோ உதைத்து
லிவர் ஃபோர் எல்லில் கிடந்தது.
எல்லா மலையையும் ஏறக்கூடிய வண்டி
இரவு முழுக்க
ஓர் அங்குலமும் நகரவில்லை.

விடியும்போது கண்ணாடியைத் துடைத்தேன்.
கீழே எங்கள் பக்கம் ஒரே பழுப்பு.
புதுக் கோடு பழசுக்கு மேலா, கீழா தெரியாது.
டேப் கைப்பையில்தான் இருக்கிறது.